முதலில் கதவு, பிறகு டிக்கி: ஜி.பி. ரோட்டில் செய்துகொண்ட கார் ஆடியோ வேலை

காருடன் கம்பெனியிலிருந்தே வரும் ஒலியமைப்பைக் கேட்கவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. எஃப்.எம். பேச்சு, தொலைபேசி அழைப்பு, வழி சொல்லும் குரல் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும். பாட்டு என்று வரும்போதுதான் அதன் எல்லை தெரியவருகிறது. என்னுடைய ஹாட்ச்பேக்கில் முன்கதவுகளில் ஆறரை அங்குல ஸ்பீக்கர் இரண்டும், பின்கதவுகளில் இரண்டும், முன்கண்ணாடியை ஒட்டிய தூண்களில் உச்ச சுரங்களுக்கான சிறிய ட்வீட்டர் இரண்டும் இருந்தன. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஏசி முழு வேகத்தில் ஓட, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போகும்போதுகூட, மிருதங்கத்தின் வலந்தலை மட்டும்தான் காதில் விழும். அடிநாதம் தரும் தொப்பிப் பக்கத்தை வித்வான் தொட்டாரா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். ஒலியைக் கூட்டினால் வயலின் கூர்மையாகிக் காதைக் குத்தும், கதவின் பிளாஸ்டிக் அதிரும், ஆனால் அடிநாதம் மட்டும் வராது. இதைச் சரிசெய்வதற்காக ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், அதாவது அண்ணா சாலையை ஒட்டி கார் அலங்காரப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் ஜி.பி. ரோட்டில், ஒரு கடையில் வண்டியை விட்டேன். அங்கே போட்ட பொருள்கள், கடையின் வேலைத்தரம், ஆன செலவு ஆகிய மூன்றையும் பற்றியதே இந்த மதிப்புரை.

ஸ்டீரியோவின் பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வருவதில்லை. இன்ஜின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் இருக்கும், ஒலிச் சிக்னலைப் பெருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபையர் சில்லு அதை மேலே உயர்த்துவதில்லை. கிடைத்ததை வைத்தே 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டுகிறது. அந்த நிலையில் ஒலி சிதையாமல் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் இணைப்புக்கு, கிடைக்கக்கூடியது கோட்பாட்டளவில் ஏறத்தாழ 26 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய திறன்); சில்லில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் அது 20 வாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 50 என்பது அலையின் தலையையும் காலையும் வெட்டித் தள்ளும் நிலையில் எடுத்த எண். இதோடு, ஒலி 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் திறனை இரட்டிப்பாக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 90 டெசிபல் உணர்திறன் (ஒரே திறனில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) கொண்ட பழைய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 87 டெசிபல் கொண்ட விலை கூடிய ஸ்பீக்கரை அதே ஸ்டீரியோவில் மாட்டினால், காசு கொடுத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டதாகத்தான் முடியும். போதாக்குறைக்கு, சின்ன ஸ்பீக்கர் கிழிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒலியைக் கூட்டக் கூட்ட பாஸை, அதாவது அடிநாதத்தை, தானாகவே குறைத்துக்கொள்ளும்படி பல கம்பெனி ஸ்டீரியோக்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதில் பயனில்லை.

ஜி.பி. ரோட்டில் நான்கைந்து கடைகள் ஏறி இறங்கினால் ஒரு பொதுவான போக்கு புலப்படும். முதல் வார்த்தையே சப்வூஃபராகத்தான், அதாவது மிகத் தாழ்ந்த சுரங்களுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கராகத்தான், இருக்கும். "சார், பன்னிரண்டு இன்ச் பாக்ஸ் ஒண்ணு டிக்கில போட்டுடலாம், சும்மா அதிரும்" என்பார்கள், ஜே.பி.எல்., பயனியர், சோனி என்று அலமாரியைக் காட்டுவார்கள். அட்டையில் ஆயிரம் வாட், ஆயிரத்து இருநூறு வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண் உச்சத் திறன், ஆர்.எம்.எஸ். என்ற எண் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், அதில் நான்கில் ஒரு பங்குதான் வரும். நான் தேர்ந்தெடுத்த கடையில் பொறுப்பாக இருந்த பாய் அட்டை எதையும் எடுக்கவில்லை. வண்டிக்கு வந்து, கதவின் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கதவுல எந்த ஸ்பீக்கர் போட்டாலும் டப்பா மாதிரிதான் கேக்கும் சார், முதல்ல இதை முடிப்போம்" என்றார். அந்த ஒரு வரிக்காகவே அங்கே வேலை கொடுத்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி என்பது பிறகு தெரிந்தது.

கதவு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெட்டச் சொல்லும் செலவு இதுதான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் எதிர்த்திசையில் ஓர் அலை எழுகிறது. கதவின் உள்தகட்டில் பழுது பார்ப்பதற்காக விட்டிருக்கும் பெரிய ஓட்டைகளின் மேல் கம்பெனி ஒட்டியிருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே. பின்னால் எழும் அலை அதன் வழியே முன்னால் வந்து, முன்னலையோடு மோதி, தாழ்ந்த சுரங்களை அழித்துவிடுகிறது. மீதி சக்தி வெளித்தகட்டை அதிரவைப்பதில் வீணாகிறது. இந்த இரண்டுக்கும் மருந்து, அதிர்வை அடக்கும் டேம்பிங் தாள். டோர் பேடைக் கழற்றி, பிளாஸ்டிக் தாளை உரித்து, தகட்டில் ஒட்டியிருந்த கறுப்புப் பசையையும் தூசியையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர் தாளைத் துண்டுதுண்டாக உள்ளே செலுத்தி, கைக்கு அடக்கமான ஓர் உருளையால் தாளின் அலுமினியப் பரப்பில் உள்ள புடைப்புகள் தட்டையாகும்வரை தேய்த்தார்கள். புடைப்பு மறையாவிட்டால் தாள் முழுதாகப் பிடிக்கவில்லை என்று பொருள். பிறகு உள்தகட்டின் ஓட்டைகளையும் மூடினார்கள். கண்ணாடி ஏற்றும் மோட்டாருக்குக் கை போக வேண்டிய இடத்தில் மட்டும் தனித்துண்டாக ஒட்டினார்கள், நாளைக்கு அதை மட்டும் உரித்து எடுக்கலாம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. ஒன்று, தாள் பியூட்டைல்தானா என்பது. விலை குறைந்த தார்த் தாள்கள் தொடும்போது அதே கனத்தில்தான் இருக்கும், ஆனால் கத்திரி வெயிலில் வெட்டவெளியில் நிறுத்திய வண்டியின் கதவுக்குள் அவை இளகி வழிந்து, ஏசியைப் போட்டதும் ரோடு போடும் இடத்து நாற்றத்தை வீசும். மற்றொன்று, கதவின் அடி விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகள். கண்ணாடி ரப்பரைத் தாண்டி மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அவற்றை மறைத்து ஒட்டிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கதவை மூடும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் அலம்பும், அடுத்த ஆண்டு துரு தெரியும். கடைப் பையன் ஒவ்வொரு துளையிலும் ஸ்க்ரூடிரைவர் முனையை விட்டுக் காட்டினான்.

இந்த வேலை முடிந்து, ஸ்பீக்கரை மாற்றும் முன்பே, பழைய ஸ்பீக்கரை மீண்டும் மாட்டிப் போட்டுக் காட்டச் சொன்னேன். பாஸ் கிட்டார் வாசிப்பின் தனித்தனிச் சுரங்கள் முதன்முறையாக அந்தக் கதவிலிருந்து வந்தன. கதவைச் சாத்தும் சத்தமே மாறிவிட்டது. என் கருத்தில் மொத்த வேலையிலும் கொடுத்த பணத்துக்கு மிக அதிகமாகத் திருப்பித் தந்தது இந்தப் பகுதிதான்; சப்வூஃபர் இரண்டாவது இடத்தைக்கூடப் பிடிக்கவில்லை.

ஸ்பீக்கர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முன்னால் ஆறரை அங்குல காம்போனன்ட் வகை, அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக வருவது, போட்டேன். வூஃபர் கதவில், பட்டுத்துணிக் குமிழ் ட்வீட்டர் பழைய தூண் இடத்திலேயே. உலோகக் குமிழ் ட்வீட்டர்கள் கடையில் கேட்கும்போது பளிச்சென்று இருந்தாலும், நாதஸ்வரமும் பெண் குரலின் உச்ச ஸ்தாயியும் நீண்ட பயணத்தில் களைப்பைத் தருகின்றன. ஹெர்ட்ஸ், ஃபோகல், மோரெல் போன்ற ஐரோப்பிய, இஸ்ரேலிய நிறுவனங்களின் தொடக்க விலைப் பொருள்களும் இந்தத் தெருவில் கிடைக்கின்றன. ஒரே பாட்டைக் கடையின் டெமோ பலகையில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு, உங்கள் காதை நம்பி வாங்கலாம். பின்கதவு ஸ்பீக்கர்களைத் தொடவில்லை. மேடையில் பாடுபவர் முன்னால்தானே இருக்கிறார். பின்சீட்டுக்காரர்களுக்குக் கம்பெனி ஸ்பீக்கரைக் குறைந்த ஒலியில் ஓடவிட்டிருக்கிறேன். அந்தச் செலவை மிச்சப்படுத்தியதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஆம்ப்ளிஃபையராக டி.எஸ்.பி. (ஒலியைக் கணக்கிட்டுத் திருத்தும் டிஜிட்டல் சில்லு) உள்ளடங்கிய ஐந்து சேனல் ஒன்றை எடுத்தேன். நான்கு சேனல் தலா 75 வாட், சப்வூஃபருக்கு 250 வாட், எல்லாம் ஆர்.எம்.எஸ். கணக்கு. வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனிச் சேனல் கொடுத்துவிட்டதால், சுரங்களை இரண்டுக்கும் பிரித்துக் கொடுப்பதற்காகக் காம்போனன்டோடு வந்த கிராஸ்ஓவர் பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. கம்பெனி ஸ்டீரியோ அப்படியே இருக்கிறது. அதன் ஸ்பீக்கர் கம்பிகளிலிருந்தே ஆம்ப்ளிஃபையர் சிக்னலை எடுத்துக்கொள்கிறது. இதற்கு வண்டியின் கம்பியை வெட்டவில்லை, அந்த வண்டிக்கென்றே வரும் கப்ளரை (செருகு இணைப்பான்) நடுவில் செருகினார்கள். வாரண்டி உள்ள வண்டியில் இதைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். கம்பியை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் கடைகள் இன்னமும் உண்டு. சர்வீஸ் சென்டரில் மின்சாரக் கோளாறு என்று போனால், முதலில் அவர்கள் கை காட்டுவது அந்த முடிச்சைத்தான்.

பவர் கம்பி 4 கேஜ் தடிமன், முழுத் தாமிரம். தாமிர முலாம் பூசிய அலுமினியக் கம்பி பாதி விலைக்குக் கிடைக்கும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அதே தடிமனில் குறைவான மின்சாரத்தையே அது தாங்கும். ஒரு சிறு துண்டின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையா சிவப்பா என்று தெரிந்துவிடும். பாய் நான் கேட்காமலேயே சுரண்டிக் காட்டினார். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்காக என்றே பலர் எண்ணுகிறார்கள். அது காப்பது கம்பியை. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் கம்பி எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் தடுக்க ஒன்றுமில்லை, ஆகவே அந்தத் தூரம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். எர்த் கம்பியை டிக்கியின் அடித்தகட்டில் பெயின்டைச் சுரண்டி வெற்று உலோகத்தில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். பெயின்டின் மேலேயே திருகிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல் ஏறி இறங்கும். என் வண்டியில் அந்த இரைச்சல் அறவே இல்லை.

சப்வூஃபர் விஷயத்தில் சென்னைக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. சீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டு அங்குல மெல்லிய வகை இப்போது மிகவும் விற்கிறது. இடத்தை அடைக்காது, ஆம்ப்ளிஃபையரும் அதற்குள்ளேயே இருக்கும், ஒரே நாளில் மாட்டிவிடலாம். ஆனால் அது உட்காரும் இடம் வண்டியின் தரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வண்டிகள் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்கள், தரைவிரிப்பின் மேல் மின்பொருளை வைக்க யோசிப்பார்கள். நானும் அந்தப் பக்கத்துக்காரன். ஸ்டெப்னிக் குழிக்குள் வைக்கும் வகைக்கும் இதே ஆபத்து உண்டு. எனவே ஆம்ப்ளிஃபையரை டிக்கியின் பக்கச் சுவரில் உயரமாகவும், பத்து அங்குல சப்வூஃபரைத் துளையில்லாத மூடிய பெட்டியில், ஒரு பலகை மேடை போட்டு அதன் மேலும் வைக்கச் சொன்னேன். இரண்டு கேபின் பைகள் வைக்க இன்னும் இடம் இருக்கிறது. மூன்றாவது பை பின்சீட்டுக்குத்தான் போக வேண்டும்.

பன்னிரண்டு அங்குலம் ஏன் தேவையில்லை என்பதற்கு ஒரு காரணம் வண்டியே. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். ஹாட்ச்பேக்கின் உட்புறம் அதில் பாதிகூட இல்லை. இவ்வளவு சின்ன மூடிய இடத்தில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்கள் தாமாகவே வலுப்பெற்றுவிடும். துளை வைத்த பெட்டி அதே திறனில் அதிகச் சத்தம் தரும் என்பது உண்மைதான், ஆனால் அது பெட்டியின் ஒரு குறிப்பிட்ட சுரத்தையே திரும்பத் திரும்பத் தூக்கிக் கொடுக்கும். பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அங்கிருந்து மேலே ஏறும் ஒவ்வொரு சுரமும் சமமாகக் கேட்க வேண்டுமென்றால் மூடிய பெட்டிதான் சரி. பறையும் கானா அடியும் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்பவர்கள் துளைப் பெட்டியை விரும்பலாம். அது அவரவர் ரசனை.

டியூனிங்தான் இந்தத் தெருவில் அரிதாகக் கிடைக்கும் சரக்கு. பெரும்பாலான கடைகளில் சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெய்ன் திருகைக் காதால் கேட்டபடி திருப்பி, பாஸ் பூஸ்டை ஏற்றி, ஒரு குத்துப் பாட்டைப் போட்டுக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். இங்கே சோதனைத் தொனியை ஓடவிட்டு, ஸ்டீரியோவில் ஒலி சிதையத் தொடங்கும் அளவை முதலில் கண்டுபிடித்து, அதற்குக் கீழே நிறுத்தி, ஆம்ப்ளிஃபையரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார்கள். 4 ஓம் சுமைக்கு 75 வாட் என்றால் 17.3 வோல்ட் வர வேண்டும். மீட்டர் அந்த எண்ணுக்கு வந்ததும் திருகை விட்டுவிட்டார்கள். பிறகு முன் வூஃபர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, சப்வூஃபருக்கு அதற்கு மேலே வெட்டு, ட்வீட்டருக்கு 3,000 ஹெர்ட்ஸிலிருந்து தொடக்கம். அடுத்தது நேரச் சரிசெய்தல். நம் ஊர் வண்டியில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருவதால் வலக்கதவு ஸ்பீக்கர் காதுக்கு அரை மீட்டர் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் ஒலி சுமார் ஒன்றரை மில்லிசெகண்ட் முன்னதாக வந்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தை டி.எஸ்.பி.யில் ஈடு செய்ததும், வலது முழங்காலுக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தவர் எழுந்து டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிட்டார். தலைசாயும் இடத்தில் மைக்கை வைத்து எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலிக்கிறது என்ற வளைகோட்டை மடிக்கணினியில் பார்த்துச் சில மேடுகளையும் தட்டினார்கள். இதற்குப் பக்கத்து சீட்டில் இருப்பவர் விலை கொடுக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: அவருக்குப் பாடுபவரின் இடம் சற்றுக் கோணலாகத்தான் கேட்கும். குடும்பத்தோடு போகும்போது போட்டுக்கொள்ள, நேரச் சரிசெய்தல் இல்லாத இரண்டாவது அமைப்பு ஒன்றைச் சேமித்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

கேட்பதற்கு எப்படி இருக்கிறது? மார்கழிக் கச்சேரிப் பதிவுகளில் தொப்பியைக் கையால் அழுத்தி எழுப்பும் கும்கி இப்போது சறுக்கிக்கொண்டு மேலேறுவது தெளிவாகத் தெரிகிறது. தம்புரா பின்னணியில் ஒரு தளமாக நிற்கிறது. எண்பதுகளின் திரைப்பாடல்களில் பாஸ் கிட்டார் ஒரு தனிப் பாட்டு பாடிக்கொண்டிருந்ததை வண்டியில் இதுவரை கேட்டதில்லை. சப்வூஃபர் டிக்கியில் இருப்பதே தெரியவில்லை, பாஸ் முன்னாலிருந்து வருவதாகவே படுகிறது; அது தனியாகக் காதில் விழுந்தால் அமைப்பில் கோளாறு என்று நான் நினைப்பேன். புதிய பாடல்கள் சிலவற்றைப் பதிவு செய்யும்போதே ஒலியை உச்சத்துக்கு அழுத்தி வைத்திருப்பதும் இப்போது வெளிச்சமாகிவிட்டது. நல்ல ஒலியமைப்பு அவற்றை இன்னும் மோசமாகக் காட்டுகிறது. புளூடூத்தைவிட வயர் போட்டு இணைத்தால் உச்ச சுரங்களில் தெளிவு கூடுகிறது, குறிப்பாகச் சிம்பலிலும் ஜால்ராவிலும்.

குறைகளும் உண்டு. டிக்கிக் கதவின் உள்ளே டேம்பிங் ஒட்டியும், நம்பர் பிளேட் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்குக் கடகடவென்று அடித்தது. திரும்பப் போய் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு ஒட்டி வாங்கினேன், காசு கேட்கவில்லை. இடது டோர் பேடில் ஒரு கிளிப் உடைந்ததைச் சொல்லாமலேயே மாட்டியிருந்தார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்ட பிறகுதான் புதுசு போட்டார்கள். வண்டி நிறுத்த இடமே இல்லாத தெரு அது, வேலை பாதிக்கு மேல் சாலையோரத்திலேயே நடந்தது. மழைக்காலத்தில் கதவைத் திறந்து போட்டு அங்கே வேலை செய்வது நடவாது. சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

செலவு: முன்கதவுகளுக்கும் டிக்கிக் கதவுக்கும் டேம்பிங் 9,000 ரூபாய், காம்போனன்ட் 14,000, டி.எஸ்.பி. ஆம்ப்ளிஃபையர் 38,000, பெட்டியோடு சப்வூஃபர் 13,000, கம்பியும் ஃப்யூஸும் 4,500, கப்ளர் 2,000, கூலியும் டியூனிங்கும் 8,000. ஆக மொத்தம் 88,500. இதைச் சிறிய தொகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முப்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் முன்கதவு டேம்பிங், நடுத்தரக் காம்போனன்ட், ஒரு சாதாரண நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர் என்று நிறுத்திக்கொண்டு, சப்வூஃபரை அடுத்த ஆண்டு போனஸுக்கு ஒத்திவைக்கலாம். அதற்கான கம்பியை மட்டும் இப்போதே 4 கேஜில் இழுத்துவிட்டால் மறுபடி தரைவிரிப்பைத் தூக்க வேண்டியதில்லை. அதே முப்பதாயிரத்தில் முதலில் பெட்டியை வாங்கிவிட்டுக் கதவை அப்படியே விடுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜி.எஸ்.டி. ரசீதில் ஆம்ப்ளிஃபையரின் வரிசை எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள், இல்லையென்றால் வாரண்டிக்குப் போகும்போது பேச்சு வார்த்தைதான் மிஞ்சும். கழற்றிய கம்பெனி ஸ்பீக்கர்களையும் கேட்டு வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் கப்ளரை உருவிவிட்டு அவற்றையே மாட்டிக் கொடுத்துவிட்டு, மற்றதை அடுத்த வண்டிக்கு எடுத்துப் போகலாம்.